காடியை அடைத்த வாசகம்

அந்தக் குழுவில் ஏழு பேர். நாற்காலிகள் ஐந்து. முதல் கூட்டத்தன்று காலையிலேயே இதைக் கவனித்து, பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெஞ்சு கொண்டுவரச் சொன்னேன். வந்த பெஞ்சின் நான்கு கால்களில் ஒன்று குட்டை. அதில் யார் உட்கார்வது என்பதிலேயே கால் மணி நேரம் போயிற்று. பாழாய்ப்போன ஒரு காடியை எப்படி மீட்பது என்று அரசுக்கு ஆலோசனை சொல்ல ஊர்க்காரர்களைக் கூட்டி அமைத்த சபை அது.

தீவில் உப்பங்கழியைக் காடி என்பார்கள். இந்திச் சொல்தான், தமிழர்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். இந்தக் காடி போர்ட் பிளேரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தது. முன்பு அதன் இரு கரையிலும் கண்டல் மரங்கள் ஆள் நுழைய முடியாதபடி நெருங்கி நின்றனவாம். குடியேறியவர்கள் வந்ததும் வீட்டுக்குக் கம்பு, அடுப்புக்கு விறகு, படகு ஜெட்டிக்கு முளை என்று ஆளாளுக்கு வெட்டினார்கள். யாரைக் குறை சொல்ல? போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் நான் குடியிருந்த வீட்டுக் கூரைக்கும் கண்டல் கம்புதான். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கரை மொட்டையாகிவிட்டது. அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் கடல் நேரே நெல்வயலுக்குள் ஏறியது. மீனும் குறைந்துபோனது. கண்டல் வேர்களின் இடுக்கில் வளரும் குஞ்சுகளுக்கு வேரே இல்லை.

நான் அந்தக் குழுவுக்கு எழுத்தர். தலைவர் ஒரு வட இந்திய அதிகாரி. மற்றவர்கள் வனத்துறைக்காரர் ஒருவர், வயலில் உப்பேறித் தவித்த வங்காளி விவசாயி, காடியில் வள்ளங்களைக் கட்டிவைக்கும் மீனவர்களுக்காகத் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர் ஒருவர், மலையாளி டீக்கடைக்காரர், ராஞ்சிக் கூலியாட்களின் மேஸ்திரி, பள்ளித் தலைமையாசிரியர். கடைசி இருவரும் ஆறு கூட்டங்களில் சேர்ந்து நான்கு வாக்கியம் பேசினார்கள். பேச்செல்லாம் தீவு இந்தி. எழுதுவது ஆங்கிலம். என் தலைக்குள் ஓடுவது தமிழ். இந்த மூன்றுக்கும் நடுவில்தான் வினை இருந்தது.

இரண்டாவது கூட்டம் முடிந்த வாரத்தில், கடல் இறங்கும் வற்று நேரம் பார்த்து நடவுக்குப் போனோம். கண்டலின் முளை முருங்கைக்காய் போல நீளமாக இருக்கும். அதை அப்படியே சேற்றில் குத்தி வைக்க வேண்டியதுதான். அறுநூற்று நாற்பது முளைகள். எண்ணியவன் நான். டீக்கடைக்காரர் தம் பங்கில் இருபத்திரண்டைத் தலைகீழாகக் குத்தியிருந்தார்.

"சேட்டா, வேரு என்ன மானத்துக்கா போவும்?" என்று மீனவர் கத்தினார்.

"எடோ, ஞான் சாய அடிக்குந்ந ஆளாக்கும். மரம் எனிக்கு அறியில்லா!"

"அப்ப ஒங்க டீயும் இப்படித்தான் தலைகீழா?"

முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு எல்லோரும் சிரித்தோம். வங்காளி விவசாயி அந்த இருபத்திரண்டையும் பிடுங்கித் திருப்பி நட்டுக்கொண்டே போனார்.

மூன்றாவது கூட்டத்தன்று நல்ல மழை. தகரக் கூரையில் காது அடைத்தது. மெயின்லேண்ட் கப்பல் வருகிற நாள் என்று தலைவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். அவர் போன பிறகு விவசாயியும் மீனவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். "பாந்த் தோ, பாபு, பாந்த்!" என்றார் விவசாயி. "காடி பந்த் கரோ! ஏக்தம் பந்த்!" என்றார் மீனவர்.

இந்தியில் பாந்த் என்றால் அணை. பந்த் என்றால் மூடுவது, நிறுத்துவது. நடுவில் ஓர் 'ஆ' நீள்கிறதா குறுகுகிறதா என்பதுதான் வித்தியாசம். போதாக்குறைக்கு, அணைக்கு ஆங்கிலத்தில் நாங்கள் எழுதும் சொல்லும் 'பண்ட்'. இரண்டு பேரும் ஒன்றையே கேட்கிறார்கள், அதிசயமாக ஒத்துப்போகிறார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். காடியின் வாயில் கல்லணை கட்ட வேண்டும் என்று குழு பரிந்துரைக்கிறது என ஆங்கிலத்தில் எழுதினேன். அடுத்த கூட்டத்தில் அதை ஆங்கிலத்திலேயே வேகமாக வாசித்தேன். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆறு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு மீனவர் டெய்ரி ஃபார்முக்கு என்னைத் தேடி வந்தார். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பித்தான் வரை பூட்டியிருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"கிளார்க்கையா, ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். எங்க வழிய அடைக்கச் சொல்லி நானே கையெழுத்துப் போட்டிருக்கேனாமே?"

எனக்கு விளங்கவில்லை. காடி வாயில் மூன்று லாரி கல் கொட்டியிருக்கிறார்கள் என்றார். ஏன் என்று சண்டைக்குப் போனவரிடம் காண்டிராக்டரின் ஆள் காகிதத்தை நீட்டி, அவருடைய கையெழுத்தையே காட்டியிருக்கிறான்.

"அண்ணாச்சி, நீங்கதான 'காடி பந்த் கரோ'ன்னு சொன்னிய?"

"ஆமா, சொன்னேன். வெட்டுறத நிப்பாட்டுன்னு சொன்னேன். அஞ்சு வருசத்துக்கு ஒரு பய கோடாலியோட அங்க கால் வைக்கப்படாதுன்னு சொன்னேன். வாயில கல்லப் போடுன்னா சொன்னேன்? பதினோரு வள்ளம் எந்த வழியா கடலுக்குப் போவும்? ஓதம் உள்ள ஏறலன்னா நட்ட கண்டலும் செத்துல்லா போவும்!"

"எங்கிட்ட ஒரு வார்த்தை தமிழ்ல சொல்லியிருக்கலாமே."

"சபையில ஒங்களுக்கு மட்டும் கேக்கட்டும்னா பேசுவாவ? எல்லாருக்கும் கேக்கத்தான இந்தியில கெடந்து முட்டுதேன்." பிறகு தணிந்த குரலில் சொன்னார். "எனக்கு இங்கிலீசு தெரியாது. நீங்க எழுதுனது சரியாத்தான் இருக்கும்னு போட்டேன்."

என் மனைவி கொண்டுவந்த காப்பியை அவர் தொடவில்லை. 

மறுநாள் தலைவரிடம் போனேன். வேலை போய்விடுமோ, கார் நிக்கோபார் தீவுக்குத் தூக்கியடித்துவிடுவார்களோ என்று பயந்தேன். எனக்கு முன் கார் நிக்கோபார் போன நான்கு பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள், இருந்தாலும் பயந்தேன். அவர் திட்டவில்லை. கல் கொட்டுவதைப் பதினைந்து நாள் நிறுத்திவைக்கத்தான் தம்மால் முடியும் என்றார். ஏழு பேர் கையெழுத்திட்டதை ஏழு பேரும் கூடித்தான் மாற்ற வேண்டும். அதற்கான காரணத்தைத் தீர்மானம் எழுதியவரே எழுந்து சொல்ல வேண்டும்.

சொன்னேன். ஏழு பேரும் கூடிய அந்தக் கூட்டத்தில் என் இந்தி இருந்ததைவிட மோசமாக என்றும் இருந்ததில்லை. பந்த், பாந்த் என்று இரண்டு சொல்லையும் நான்கைந்து முறை சொல்லிக் காட்டினேன். டீக்கடைக்காரருக்குத்தான் முதலில் புரிந்தது.

"என்டெ ஸாரே, ஒரு 'ஆ'வுக்கு மூணு லாரி கல்லோ!"

பெஞ்சு ஆடுமளவுக்குச் சிரித்தார். மேஸ்திரியும் சிரித்தார். விவசாயி சிரிக்கவில்லை. அவர் கேட்டது அணைதான். அது கிடைத்தும் விட்டது. இரண்டு வருஷ நெல்லை உப்பு கொண்டுபோயிருந்தது. மூன்றாவதும் போனால் நிலத்தை விட்டுப் போக வேண்டும், இன்னொரு முறை எங்கே போவது என்று மெதுவாகக் கேட்டார். ஏற்கெனவே ஒரு நாட்டை விட்டு அகதியாக வந்தவர். பிறகு என்னைப் பார்த்து, "உன் தப்பில்தான் எனக்கு ஒரு நல்லது நடந்தது, பாபு. அதையும் எடுத்துக்கொள்ளப் போகிறாயா?" என்றார். இந்தியில்தான் சொன்னார். அந்த வாக்கியத்தில் மட்டும் எனக்கு எந்தச் சொல்லும் குழம்பவில்லை.

 அவர் கேட்டதில் தப்பே இல்லை. மீனவர் கேட்டதிலும் இல்லை. தப்பு முழுவதும் என் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. நான் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மீனவர் எழுந்தார். "தாதா, காடி கா மூ பந்த் கரேகா தோ ஹம் மர்கயா. கேத் கா பா...ந்த் ஹம் பனாயேகா." காடியின் வாயை மூடினால் நாங்கள் செத்தோம், உங்கள் வயலுக்கு அணையை நாங்கள் கட்டித்தருகிறோம் என்று அர்த்தம். 'பாந்த்' என்ற இடத்தில் வாயை அகலத் திறந்து, நீட்டி, என் பக்கம் திரும்பிச் சொன்னார். "போதுமாய்யா? இன்னும் கொஞ்சம் நீட்டவா?"

விவசாயி வாய்ப்பேச்சை ஒத்துக்கொள்ளவில்லை. எத்தனை ஆள், எத்தனை நாள் என்று கேட்டார். மீனவர் கணக்குச் சொன்னார்: வள்ளத்துக்கு இரண்டு பேர், மொத்தம் இருபத்திரண்டு ஆள், வற்று நேரங்களில் மண் சுமப்பது, அணை முடியும்வரை. காடியில் ஐந்து வருஷம் கோடாலி கூடாது. வாய் திறந்தே இருக்கும். எழுதினேன். இந்தியில் வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். தமிழில் வாசித்தேன். விவசாயி தமிழில் ஒரு சொல்லும் தெரியாமல் அதையும் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் பேனாவை வாங்கினார்.

அணை பத்தொன்பது நாளில் முடிந்தது. கொட்டிய கல்லில் இரண்டு லோடை வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோய் அணையின் அடியில் போட்டார்கள். மூன்றாவது லோடு அதற்குள் சேற்றில் இறங்கிவிட்டது. வள்ளத்தின் அடி அதில் தட்டும்போதெல்லாம் அங்கே என்னை ஏசுவார்கள் என்று கேள்வி. ஏசட்டும். நானும் போனேன், நாலு நாள். நான் சுமந்த கூடைகளை எண்ணினேன். சொல்லிக்கொள்ளும் எண்ணிக்கை இல்லை. மத்தியானம் வங்காளி வீட்டுப் பெண்கள் இருபத்திரண்டு பேருக்கும் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்தார்கள். கடுகெண்ணெய் வாடை எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது. முதல் நாள் முகத்தைச் சுளித்துத் தின்றவர்கள், மூன்றாம் நாள் மறுசோறு கேட்டார்கள்.

அடுத்த பௌர்ணமி ஓதத்தைப் பார்க்க எல்லோரும் அணைமேல் நின்றோம். தண்ணீர் காடி வாய் வழியாக ஏறி, நட்ட முளைகளை மூழ்கடித்து, அணையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. அரை மணி நேரம் அங்கேயே நின்றது. விவசாயி வயல் பக்கமாக இறங்கி, குனிந்து, வாய்க்கால் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.  இன்னொரு முறை நனைத்து வைத்துப் பார்த்தார்.

"மீட்டா" என்றார். தித்திப்பு என்று பொருள். உப்புக் கரிக்காத தண்ணீரை அப்படித்தான் சொல்வார்கள். "எழுதிக்கொள், பாபு."

எழுதுவதற்கு முன் அவரிடம் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டேன்.