நல்லூரில் தங்கிவிட்ட தூண்டில் பூச்சி

சனிக்கிழமை இரவே பையைக் கட்டி வைத்துவிட்டு, ஞாயிறு விடியலில் கோத்தகிரியில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பையில் ஒரு சட்டை, தூண்டில் முள்ளைக் கவ்விப் பிடிக்கும் சின்ன வைஸ், நூல்கண்டு, மெழுகு, ஒரு டப்பா நிறைய அங்கோரா முயல் முடி. பனியன் ஊருக்கு முயல் முடி சுமந்து போகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பக்கத்து வீட்டில் "பஞ்சு வாங்கப் போறேன்" என்று சொல்லியிருந்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி மாலதி, என் மனைவி. எங்கள் ஊர்த் தையல் யூனிட்டை மூடியதும், ஆறே மாதம் என்று சொல்லித் திருப்பூருக்கு வேலைக்குப் போனவள். வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. இந்தத் தடவை வீட்டுக்குக் கூப்பிட்டே விடுவது என்று கிளம்பினேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மலை ஓடைகளில் டிரவுட் மீன் பிடிக்க வருகிறவர்களுக்குச் செயற்கைப் பூச்சி கட்டித் தருகிறேன். முள்ளின் மேல் நூலோடு பஞ்சையோ முடியையோ முறுக்கிச் சுற்றி உடம்பு செய்வதற்கு டப்பிங் என்று பெயர். சினிமா டப்பிங்கை நினைத்துக்கொண்டு குரல் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போன சீசனில் நான் கட்டியவை இரண்டாவது மீனின் பல் பட்டதுமே அவிழ்ந்து தொங்கின. வாங்கினவர்கள் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தபோது மானம் போயிற்று.

மேட்டுப்பாளையத்தில் ஸ்வெட்டரைக் கழற்றினேன். அன்னூர் தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. அவிநாசியில் பஸ் மாறி, பத்தரை மணிக்குத் திருப்பூர். நல்லூருக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். ஓட்டியவர் தென்காசிப் பக்கத்துக்காரர்.

"எந்த கம்பெனி அண்ணாச்சி? தெருப் பேரச் சொன்னா இங்க எவனுக்கும் தெரியாது."

கம்பெனி பெயரைச் சொன்னேன்.

"வேலைக்கா?"

"இல்ல, வீட்டுக்காரியப் பாக்க."

"நமக்கு அப்படியே திருப்பிப் போட்ட கதை. அவ ஊர்ல, நான் இங்க" என்றார்.

மாலதி மாடி அறை வாசலிலேயே நின்றிருந்தாள். "ஏனுங்க, இப்படி எளச்சுப் போயிட்டீங்க?" என்றாள். அவளும்தான் இளைத்திருந்தாள். சொந்த ஊர் வெள்ளகோவில் என்பதால் அவளுடைய அரிசிம்பருப்புச் சோற்றுக்கு எங்கள் மலையில் ஈடு கிடையாது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

எனக்காக ஒரு கவர் நிறையச் சாம்பல் நிறப் பஞ்சு சேர்த்து வைத்திருந்தாள். துணியைச் சீவி மெத்தென்று ஆக்கும் ரெய்சிங் மெஷினுக்கு அடியில் உதிர்வது. ஜன்னலோரம் வைஸை மாட்டி, மெழுகு தடவிய நூலில் வழக்கம்போல முறுக்கி ஒரு பூச்சி கட்டினேன். அவள் வாங்கி, பழைய டூத்பிரஷ்ஷால் நாலு தேய் தேய்த்தாள். பஞ்சு புசுபுசுவென்று கழன்று வந்தது.

"ரிஜெக்ட்டுங்க" என்றாள். தினமும் பனியனைச் செக்கிங் பண்ணுகிற கை, புருஷன் என்று பார்க்கவில்லை.

பஞ்சு ரொம்பக் குட்டை இழை, தனியாக நிற்காது. நீளமான முயல் முடியை அதோடு கலந்து, விரலால் பிய்த்துப் பிய்த்து ஒன்றாக்கினேன். ஆசைப்பட்டு அள்ளி வைப்பதுதான் என் பழைய வியாதி என்பதால், இந்தத் தடவை ஒரு சிட்டிகையோடு நிறுத்திக்கொண்டேன். நூலை இரட்டையாக மடித்து, நடுவில் அதை மெல்லிசாகப் பரப்பி, ஒரே பக்கமாக முறுக்கினால் இரண்டு இழையும் சேர்ந்து கவ்விக்கொள்ளும். முள்ளில் ஒரு சொட்டு வார்னிஷ், அது காயுமுன் சுற்று, மேலே எதிர்ப்பக்கமாக மெல்லிய செம்புக் கம்பி. அவள் தேய்த்தாள். இழுத்தாள். தண்ணீரில் முக்கி மறுபடி தேய்த்தாள். ஓர் இழை கூட வரவில்லை.

அந்தச் சந்தோஷத்திலேயே கேட்டுவிட்டேன்: "சீசன் வருது. வீட்டுக்கு வந்துடேன் மாலதி."

கொஞ்ச நேரம் பூச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போன மாசந்தான் என்னைய லைன் இன்சார்ஜ் ஆக்கியிருக்காங்க. எனக்கு இந்த வேல புடிச்சிருக்குங்க. அங்க வந்து வெறும் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கச் சொல்றீங்களா?"

கோபம் வந்திருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். ஏக்கம்தான் வந்தது. எதிரே உட்கார்ந்திருக்கிறவளை நினைத்தே ஏங்குவது எவ்வளவு கேவலம்!

அவள் எழுந்து ஓர் அட்டையில் பூச்சியைக் குத்தி, "அப்ரூவ்டு" என்று எழுதித் தன் அலமாரியில் வைத்தாள்.

"அதப் பாத்துத்தானே மத்ததக் கட்டணும்? குடு" என்றேன்.

"அப்ரூவ்டு சேம்பிள் செக்கிங் டேபிள உட்டு வெளிய போகாதுங்க. கட்டுன சரக்கத்தான் இங்க கொண்டாந்து ஒப்புப் பாக்கோணும்." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். காதோரம் மட்டும் சிவந்திருந்தது.

மாலை பஸ்ஸில் திரும்பினேன். கோத்தகிரியில் இறங்கியபோது குளிர் எலும்பைத் தொட்டது. நல்லூரில் அவளுடைய ஒற்றை அறைக்குள் அத்தனை சத்தம். இங்கே மூன்று அறையிலும் என் செருப்புச் சத்தம் மட்டும். அந்த வாரம் முழுக்கக் கட்டினேன். எல்லாம் உறுதியாக இருக்கின்றன, டூத்பிரஷ்ஷால் நானே தேய்த்துப் பார்த்துவிட்டேன். வாங்குகிறவர் இரண்டு தடவை போன் பண்ணி, இன்றைக்கே அனுப்பச் சொன்னார்.

"இன்னும் செக்கிங் ஆகலைங்க" என்று சொல்லிவிட்டு, டப்பாவைப் பையில் வைத்தேன். நாளை ஞாயிறு.