அக்கா அமைதியாக்கிய அம்பாசடர்

என் அக்கா பிரிசில்லா செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள தெருவில் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறாள். ஷேர் ஆட்டோ, புல்லட், மினி லாரி, கல்யாண மண்டபத்து சோபா, எது வந்தாலும் தைப்பாள். ஆனால் தைத்து முடித்த சீட்டில் தானே ஏறிப் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்காமல் எதையும் வெளியே அனுப்பமாட்டாள். புல்லட்டாக இருந்தாலும் அப்படித்தான். ஸ்டாண்டு போட்ட வண்டியில் புடவையோடு ஒருக்களித்து உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்ப்பாள். வண்டிக்காரர் அவசரப்பட்டால் இன்னும் ஐந்து நிமிடம் கூடும். அவளிடம் அவசரம் காட்டக்கூடாது என்பது செங்கல்பட்டில் பாதிப் பேருக்குத் தெரியும்.

அவள் வீட்டுக்காரர் மோசஸ் மாமா மாமல்லபுரத்தில் சிற்பி. இருபத்தாறு வருடமாகப் பட்டறையில் வேலை. உளிச் சத்தம் காதை ஒன்றும் செய்யாது. கல்லை அறுக்கிற மிஷின் வந்தபிறகுதான் வினை. அது மாமாவின் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. நான்கு வருடத்துக்கு முன்னால் டாக்டர் காதில் மாட்டிக்கொள்ள ஒரு மிஷின் கொடுத்தார். அமைதியான இடத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். இரைச்சலான இடத்தில் எல்லா இரைச்சலையும் சேர்த்து மண்டைக்குள் கொட்டும். அப்போது மாமா அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

மாமாவைப் போலத் தங்கமான மனிதர் கிடையாது என்று எங்கள் குடும்பத்தில் பெயர். என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவார். என் மனைவி என்னைத் திட்டும்போதெல்லாம் உதாரணத்துக்கு இழுப்பது அவரைத்தான். இதில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது.

மாமாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை, சொந்தமாக ஓர் அம்பாசடர். மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜின் பின்புறம், வேப்பமரத்தடியில் எழுபத்தாறாம் வருட மாடல் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. லாட்ஜ் வாசலுக்கு மாமா ஒரு கல் யானை செதுக்கிக் கொடுத்தார், லாட்ஜ்காரர் அந்த வண்டியைக் கொடுத்தார். எடைக்கு எடை சரியாக இருந்திருக்கும். பதினான்கு மாதம் அதைப் பழுது பார்த்தோம். எஞ்சின் வேலை என் மேற்பார்வை. நான் கல்பாக்கத்தில் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவன். ஓட்டத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று நான் நினைத்திருந்த காலம் அது. சீட்டெல்லாம் அக்கா தைத்தாள். கடைசியில் பிஸ்தாப் பச்சை அடித்து வெயிலில் நிறுத்தியபோது, வெளிநாட்டுக்காரர்கள் கடற்கரைக் கோயிலை விட்டுவிட்டு இதைப் படம் எடுத்தார்கள்.

பார்க்கத்தான் அழகு. உள்ளே ஏறினால் மாவு மிஷினுக்குள் உட்கார்ந்த மாதிரி. எஞ்சின் இரைச்சல், கியர் முனகல், கதவுகளின் கடகடப்பு எல்லாம் சேர்ந்து வரும். சூடு அதற்கு மேல். முன்சீட்டில் உட்கார்ந்தால் பாதம் சுடும், அக்கா செருப்பைக் கழற்றாமல் காலைத் தூக்கி வைத்துக்கொள்வாள். மாமா மட்டும் காது மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி ஓட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மதுராந்தகம் பக்கத்தில் மாமாவின் சொந்த ஊர் சர்ச்சுக்குப் போவார்கள். போக ஒன்றேகால் மணி நேரம். மற்ற நாட்களில் அக்கா செங்கல்பட்டுக் கடைக்குக் காலை ஏழு மணிக்கு பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவாள். வீடு பட்டறை வரிசையிலேயே இருப்பதால் அங்கே எந்நேரமும் யாராவது கல் அறுத்துக்கொண்டிருப்பார்கள். புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேச அந்த ஒன்றேகால் மணி நேரம்தான் இருந்தது. வீட்டு விஷயம், கடை விஷயம் எல்லாவற்றையும் அக்கா அந்தக் காரில்தான் சொன்னாள். மாமா தலையாட்டினார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மகள் கவியாவின் படிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். நர்சிங் படிக்க கோயம்புத்தூரில் இடம் கிடைக்கும்போல் இருக்கிறது, ஹாஸ்டலில் விடலாமா என்று. மாமா சிரித்துத் தலையாட்டினார். அக்கா சேர்த்துவிட்டாள். ஆகஸ்டு மாதம் கவியா கிளம்புகிற அன்று நான் பெட்டிகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பட்டறையிலிருந்து தூசியோடு வந்த மாமா, புள்ள பொட்டியோட எங்க போவுது என்று கேட்டார்.

 பெண் எங்கோ கிளம்பப்போகிறாள் என்று அவருக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது, இரண்டு மூன்று நாள் முகாம் என்று நினைத்திருக்கிறார், இத்தனை பெட்டிகளைப் பார்த்ததும்தான் குழம்பியிருக்கிறார். நான்கு வருடப் படிப்பு என்பது தெரியாது. உங்களைக் கேட்டுவிட்டுத்தானே செய்தேன், நீங்கள்தானே சரி என்றீர்கள் என்று அக்கா கத்தினாள். மாமா கட்டிலில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து மிஷினை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"நாலு வருசமா நான் தலைய மட்டுந்தான் ஆட்டிகினு கீறேன் பிரிசி. நீ சிரிச்சா நானும் சிரிப்பேன். எத்தினி வாட்டிதான் இன்னா, இன்னான்னு கேக்கறது? எனக்கே வெக்கமா கீது."

அக்கா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.  தங்கமான மனிதர் என்று நாங்கள் கொண்டாடியதில் பாதி, காது கேட்காததால் வந்தது. அவருக்கு என்ன பிடிக்கும், பிடிக்காது என்பது நான்கு வருடமாக ஒருத்தருக்கும் தெரியாது. கவியா போகத்தான் போனாள், மாமாவே பஸ் ஏற்றிவிட்டார். திரும்பி வரும்போது அக்கா என்னிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னாள். அந்தக் காருக்குள் மாமா மிஷினைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்காருகிற மாதிரி செய்யவேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு முதல் யோசனை கொடுத்தவன் நான் என்பதை ஒளிக்கப்போவதில்லை. மொட்டை மாடி ஒழுகினால் ஒட்டுகிற தார் ஷீட் இருக்கிறதல்லவா, கனமானது, தகட்டில் ஒட்டினால் சத்தத்தை அமுக்கிவிடும் என்றேன். என் வீட்டு மாடிக்கு வாங்கியதில் மிச்சம் இருந்தது. தரையிலும் கூரையிலும் ஒட்டினேன். கூரைத் துணியை அக்கா மறுபடி தைத்து மூடினாள். கதவைச் சாத்தினால் தடக்கென்று கனமான சத்தம் வந்தது. நான் பெருமையில் ஒரு சுற்று பெருத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியதும் கூரைத் தார் உருக ஆரம்பித்தது. சர்ச்சுக்குப் போய் இறங்கியபோது மாமாவின் வெள்ளைச் சட்டையின் இரண்டு தோளிலும் கறுப்புச் சொட்டுகள். அக்காவின் பட்டுப்புடவைத் தலைப்பைப் பற்றி எழுதவே எனக்குத் தைரியம் இல்லை. பாஸ்டர் அய்யா மூக்கைச் சுளித்து, பக்கத்தில் எங்கேயாவது ரோடு போடுகிறார்களா என்று விசாரித்தார். மாமா சிரித்துத் தலையாட்டினார். அன்று மாலை அக்கா என்னைக் கூப்பிட்டாள். ஒரு டின் மண்ணெண்ணெயும் கரண்டியும் கையில் கொடுத்தாள். அந்தத் தாரைச் சுரண்டி எடுக்க எனக்கு மூன்று வார விடுமுறை நாட்கள் போயின.

பிறகு வண்டியைக் கடைக்குள்ளேயே ஏற்றி நிறுத்தி, அவளே முறையாக ஆரம்பித்தாள். பட்டப்பகலில் ஷட்டரை முழுக்க இறக்கி, எஞ்சின் பக்கம் பெரிய பல்பு ஒன்றை எரியவிட்டு, தான் காருக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். எஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவில் உள்ள தகட்டில் எங்கெல்லாம் வெளிச்சம் தெரிந்ததோ அதையெல்லாம் எண்ணினாள். பதினொரு ஓட்டை. ஒயரும் கேபிளும் நுழைகிற இடங்களில் இருந்த ரப்பர் வளையங்களை யாரோ பெயிண்ட் அடிக்கும்போது குப்பை என்று தூக்கி எறிந்திருக்கிறார்கள். யார் என்று அவள் கேட்கவில்லை. நான் வெளியே போய் டீ வாங்கிக்கொண்டு வந்தேன்.

வெளிச்சம் வருகிற வழியாகத்தான் சத்தமும் சூடும் வரும் என்றாள். பதினொரு ஓட்டையையும் புது ரப்பர் போட்டு அடைத்தாள். கதவு ஓரத்துக்கெல்லாம் புது ரப்பர் பீடிங். அடுத்தது, ஒரு பக்கம் வெள்ளித் தாளும் மறுபக்கம் ஒட்டுகிற ரப்பரும் உள்ள ஷீட். அது கார்களுக்கென்றே செய்தது, வெயிலில் உருகாது. ஆனால் அதை எல்லா இடத்திலும் ஒட்டினால் வண்டி கனத்துப்போகும். எந்தத் தகடு அதிருகிறதோ அதன் நடுவில் ஒட்டினால் போதும். எது அதிருகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் அக்கா திணறினாள். எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்தால் எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்டது.

அங்கேதான் மாமா உள்ளே வந்தார். பட்டறையில் கல் வாங்கும்போது தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள், உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் மாறும். காது போனபிறகு மாமா அதற்கு வேறு வழி வைத்திருந்தார். இடது உள்ளங்கையைக் கல்லின்மேல் பரப்பி வைத்து, வலது கையால் தட்டுவார். கல் சொல்வது கைக்குத் தெரிந்துவிடும். இது அவர் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது. யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பார்.

அக்கா எஞ்சினை ஓடவிட்டாள். மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் காருக்குள் மண்டியிட்டு, தரை, கதவு, கூரை என்று ஒவ்வொரு தகட்டிலும் கையை வைத்துக்கொண்டே போனார். கை நின்ற இடத்திலெல்லாம் கல்லில் குறி போடுகிற செங்காவியால் வட்டம் போட்டார். சின்ன வட்டம் என்றால் கொஞ்சம் அதிர்வு, பெரிய வட்டம் என்றால் அதிகம். ஒரு மணி நேரத்தில் பிஸ்தாப் பச்சைக்குள் முப்பது, நாற்பது வட்டம். அக்கா பின்னாலேயே போய் ஷீட்டை வெட்டி ஒட்டி, மர உருளையால் அழுத்தினாள்.  கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இவ்வளவு ஒட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அதற்குமேல் ஃபோம், அதற்குமேல் கம்பளி மாதிரி கனமான ஃபெல்ட், மேலே அக்காவே ஓரம் அடித்த கார்ப்பெட். காலடியில், சைலன்சர் குழாய் போகிற பாதை முழுக்கச் சூட்டைத் திருப்பி அனுப்புகிற வெள்ளித் தகடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கடை மூடல் என்பதால் பிப்ரவரி வரை இழுத்தது. அந்த வாரங்களில் சர்ச்சுக்கு பஸ்தான். ஓட்டிப் பார்த்தபோது பாதம் சுடவில்லை, கதவு கடகடக்கவில்லை. ஆனால் ஐம்பதைத் தொட்டதும் அடியிலிருந்து உம் என்று ஒரு சத்தம் கிளம்பியது. மாமாவின் கை தானாகவே காதுக்குப் போய் மிஷினைக் கழற்றியது. அதைப் பார்த்த அக்காவின் முகம் விழுந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த வாரம் நான் ஓட்டினேன். மாமா பின்சீட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் கையை வைத்துப் படுத்துக்கொண்டார். ஐம்பது வந்ததும் ஒரே இடத்தில் தட்டிக் காட்டினார். வண்டியை நிறுத்திக் கீழே பார்த்தோம். சைலன்சர் ரப்பர் கொக்கியில் தொங்கவேண்டும். அதைக் கட்டடத்தில் கம்பி கட்டுகிற கட்டுக்கம்பியால் இறுக்கி வண்டியோடு கட்டியிருந்தார்கள். குழாயின் நடுக்கம் முழுக்க நேராகத் தரைக்கு வந்துகொண்டிருந்தது. யார் கட்டியது என்று இந்த முறை அக்கா கேட்டாள்.

"கொக்கி கெடைக்கல, அவசரத்துக்குக் கட்னேன்" என்றேன்.

"பதினாலு மாசம் வேல செஞ்சியே, அதுல இன்னாடா அவசரம்?" என்றாள்.

 ரப்பர் கொக்கி போட்டோம்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு சர்ச்சுக்குக் கிளம்பினார்கள். செய்த பாவத்துக்குச் சாட்சியாகப் பின்சீட்டில் நானும் இருந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டி வண்டி அறுபதில் போனது. எஞ்சின் ஓடுவது தெரிந்தது, அவ்வளவுதான். வெளியே வெயில் கொளுத்தியது. மாமா ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்ததால் அக்காவின் முகத்தையோ உதட்டையோ பார்க்க வழியில்லை. மிஷின் காதில் இருந்தது. கை எப்போது மேலே போகும் என்று நானும் அக்காவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மதுராந்தகம் ஏரிக்கரை வரை கை ஸ்டியரிங்கை விட்டு நகரவில்லை.

அக்கா கடையில் பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னாள். லீவுக்கு வீட்டுக்கு வராமல் அங்கேயே ஆஸ்பத்திரியில் ஒரு மாசப் பயிற்சியில் சேரட்டுமா என்று கவியா கேட்கிறாள், சேரட்டும் என்றுதான் தனக்கும் தோன்றுகிறது என்றாள். சொல்லிவிட்டு மடியில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"வேணாம்" என்றார் மாமா.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"புள்ள கிறிஸ்துமசுக்கு மூணு நாளு வந்துது, அப்பறம் கண்ணுலயே பாக்கல. வூட்டுக்கு வரட்டும். பயிற்சில்லாம் அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

படிப்புக்கு நல்லது என்று அக்கா வாதாடினாள். படிப்பு எங்கேயும் ஓடிப்போகாது என்றார் மாமா. பெண் இளைத்துவிட்டாள் என்றார், அந்த ஊர்ச் சாப்பாட்டைக் குறை சொன்னார், போன தடவை எவனோ ஒருவன் பஸ்ஸில் அவளுக்கு இடம் விடவில்லை என்பதையெல்லாம் இழுத்தார். நான்கு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த 'வேண்டாம்' அத்தனையும் வெளியே வந்தன. அக்கா விடவில்லை, அவரும் விடவில்லை. சண்டை போட்டுக்கொண்டே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரித்தாள், மறுபடி சண்டை போட்டாள். கடைசியில் கவியாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, உங்கப்பா வேணாம்னுட்டாரு என்று சொன்னாள்.

 "அப்பாவா? அப்பாவே சொன்னாரா?" என்றாள் கவியா.

மாமா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, போன் பக்கம் சாய்ந்தார்.

"நான்தாம்மா சொன்னேன். நீ கெளம்பி வா."