நெய்க்காரர் வீட்டில் நெய் நின்ற கதை

ராசிபுரத்தில் பாவாயி அக்காவின் வீடு எங்களுக்கு எதிர்வீடு. நான் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது எழுபத்தொன்றில். அப்போதெல்லாம் தெருவுக்குள் நுழைந்தாலே நெய் காய்ச்சுகிற வாசம் வரும். அக்காவின் வீட்டுக்காரர் குமாரசாமி, வெண்ணெய் வாங்கி உருக்கி விற்கிற வியாபாரி. கொல்லிமலை அடிவாரத்து ஊர்களிலிருந்து சந்தைக்கு வெண்ணெய் வரும். அதை வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் பெரிய அண்டாவில் காய்ச்சி, இறக்குகிற நேரத்தில் ஒரு பிடி முருங்கைக்கீரையைப் போட்டு, தகர டின்களில் அடைத்துச் சேலத்துக்கு அனுப்புவார்.

அந்த வீட்டில் நெய்க்கு அளவு கிடையாது. அரிசிம்பருப்புச் சோற்றில் குழி பறித்து ஊற்றுவார்கள். ஒப்பிட்டு என்கிற பருப்புப் போளி சுட்டால் நெய் சொட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி, வேலைக்காரர்களுக்கும் சேர்த்து. அக்கா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டே பரிமாறி, நின்றுகொண்டே தானும் இரண்டு வாய் போட்டுக்கொள்வார். அடுத்தவர் தட்டு காலியாகிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. குமாரசாமி அண்ணன் வாட்டசாட்டமான ஆள். வியாபாரம் பேசும்போது ஒரு பீடி, பேசி முடித்ததும் ஒரு பீடி.

எழுபத்து மூன்றில், தீபாவளி நெருங்கி நெய்க்குக் கிராக்கியாக இருந்த சமயம், சந்தையில் வெண்ணெய் எடை போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். அவருடைய தம்பி செல்லமுத்து வாடகைக் காரில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோனார். அங்கே ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருதய வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஒருவரிடம் சேர்த்தார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் கூப்பிட்டு விவரம் சொன்னார். அண்ணனும் தம்பியும் உள்ளே போனார்கள். அக்கா கதவுக்கு வெளியே துணிப்பையோடு நின்றார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. ஆம்பளைகள் பேசுகிற இடம் என்று அவராகவே நின்றுகொண்டார். வெளியே வந்த அண்ணனிடம், "என்னங்க சொன்னாரு டாக்டரு?" என்று கேட்டார்.

"நெய், கறி, முட்டை மஞ்சக்கரு, பாலாடை ஒண்ணும் ஆகாதாமா. ரத்தக்கொழாய்ல கொழுப்பு அடைச்சுக்குதாமா."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

செல்லமுத்து தன் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஊருக்கு வந்ததும் செய்த முதல் வேலை, அடுக்களையில் இருந்த நெய்ச் சட்டியைக் கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்ததுதான். அண்ணனுக்குத் தனியாக, மற்றவர்களுக்குத் தனியாக என்று சமைக்க அவருக்கு மனம் வரவில்லை. "அவரு முன்னால நாம நெய் ஊத்தித் தின்னா, அவரு தொண்டைல சோறு எறங்குமா?" என்றார் என்னிடம். வீட்டுக்கே நெய் நின்றது. கறி நின்றது. முட்டை நின்றது. பாலில் ஆடை எடுத்து, அதற்குமேல் தண்ணீரும் விட்டுக் காய்ச்சினார். கொள்ளு, கீரை, கம்பஞ்சோறு, மோர் என்று சமையல் மாறியது. பண்டிகைக்கு ஏதாவது செய்துதானே ஆகவேண்டும்? அதற்கு வனஸ்பதி வாங்கினார். எண்ணெயிலிருந்து செய்வது, மாட்டுக் கொழுப்பு இல்லை, அதனால் கெடுதல் கிடையாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம். வனஸ்பதி நெய்யைவிட மோசம் என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். அப்போது எங்களுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

முன்பெல்லாம் அண்ணன் நெய்யை ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்துத்தான் விலை சொல்வார். அதையும் அக்கா தடுத்துவிட்டார். புறங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பதோடு சரி. ஒருநாள் நெய் டின்களின் வாயை ஈயம் உருக்கி அடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டார்:

"ஏனுங்க, நமக்கு ஆகாததை ஊருக்கு விக்கறமே, இது சரிங்களா?"

"ஊருக்கே நெஞ்சுவலி வந்துருச்சா புள்ள?"

"வந்துட்டா?"

அண்ணன் பீடி பற்றவைத்தார். அந்தக் கேள்வி அக்காவை விடவில்லை. வாடிக்கைக்காரர் யாராவது வீட்டுக்கே வந்து நெய் கேட்டால், "வூட்ல நெஞ்சுவலிக்காரங்க இருக்காங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பார். அண்ணனுக்கு இது பெரிய தொந்தரவாக இருந்தது.

நெய்யும் கறியும் இல்லாத சாப்பாட்டில் அண்ணனுக்கு வயிறு நிறைந்த மாதிரியே இருக்காது. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் டீ கேட்பார். டீயில் சர்க்கரை கூடிக்கொண்டே போனது. அக்காவும் தாராளமாகவே போட்டார். "எல்லாத்தையும் புடுங்கிக்கிட்டோம், இதையாச்சும் குடிக்கட்டும். சக்கரைக்கு டாக்டரு ஒண்ணும் சொல்லலையே" என்பார்.

எழுபத்தேழில் அவர்கள் மகன் அருணகிரிக்குக் கல்யாணம் ஆனது. அவனுக்கு மேட்டூரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை. குடியிருக்க வீடு கிடைக்கிறவரை மருமகள் வசந்தாமணி ராசிபுரத்திலேயே இருந்தாள். நாமக்கல் பக்கம் புன்செய்க் காட்டில் வேலை செய்கிற குடும்பத்துப் பெண். சிரித்த முகம். மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அதுவே அவளுக்கு வினையானது.

மறு வருஷம் அவள் முழுகாமல் இருந்தாள். மாசம் ஏற ஏற உடம்பு தேறவேண்டியதற்குப் பதிலாக முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. அக்கா அவளைத் தன் மகள் மாதிரிதான் பார்த்துக்கொண்டார், கனமான வேலை ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் சாப்பாடு மட்டும் மாமனாருக்கு ஆன சாப்பாடுதான். என் வீட்டில் மீன் குழம்பு வைத்த அன்று அவளை ஜாடையாகக் கூப்பிட்டேன். "வேண்டாங்கக்கா, அத்தைக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாங்க" என்று போய்விட்டாள்.

ஒருநாள் காலையில் துணி உலர்த்தப் போனவள் துணிக்கொடி கட்டியிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டே சரிந்தாள். அக்காவும் நானும் தூக்கிப் பிடித்து, ஊரில் இருந்த லேடி டாக்டரிடம் கொண்டுபோனோம். அந்த அம்மா அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார்.

"ரத்தமே இல்லையே இந்தப் பொண்ணு உடம்புல! என்ன சாப்பிடறே?"

வசந்தாமணி மாமியாரைப் பார்த்தாள். அக்காதான் பெருமையோடு சொன்னார், நெய் கிடையாது, கறி கிடையாது, முட்டை கிடையாது என்று.

"ஏம்மா, நீங்க சைவமா?"

"இல்லீங்க. எங்கூட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்துச்சுங்க. அதுல இருந்து யாரும் தொடறதில்லீங்க."

டாக்டரம்மா மருந்துச் சீட்டை எடுத்தார். "ஆட்டு ஈரல் வாங்கிக் குடுங்க. தினம் முட்டை குடுங்க. தண்ணி ஊத்தாத பால் குடுங்க. மாத்திரையும் எழுதறேன்."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சேலத்து டாக்டரு வெசமுங்கறாரு, நீங்க மருந்துங்கறீங்க. நாங்க யார் பேச்சைத்தான் கேக்கறதுங்க?"

"உங்க வீட்டுக்காரருக்கு அவர் சொன்னது சரிதாம்மா. அது அம்பது வயசு ஆம்பளை ஒடம்பு. இது ரெண்டு உசுரு வளர்ற ஒடம்பு."

அக்கா மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்டூரிலிருந்து அருணகிரி வந்தான். விஷயம் தெரிந்ததும் அவன் சத்தம் போடவில்லை. தாயின் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான். "அம்மா, நான் அங்க டேம் மீனு வாங்கித் தின்னுட்டுத்தான் இருக்கறேன். இங்க வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி கொள்ளு ரசம் குடிச்சேன். இவளுக்கு மட்டும் யாரும் இல்லாமப் போச்சு."

அடி வாங்கியது போல் அக்காவின் முகம் சுருங்கியது. பேசாமல் எழுந்து போய்க் கூடையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்கு நடந்தார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த அடுப்பில் ஈரல் வதங்கியது. வசந்தாமணி தட்டின் முன் உட்கார்ந்து, மாமியாரைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாள். "நல்லாத் தின்னு சாமி" என்று அக்கா இன்னும் இரண்டு துண்டு போட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. எடை குறைச்சல்தான், ஆனாலும் பிழைத்துத் தேறியது. ஆத்தாயி என்று பெயர் வைத்தார்கள்.

குழந்தை பிறந்த பிறகு அக்காவுக்கு ஒரு வைராக்கியம் வந்தது. "அந்தச் சேலத்து டாக்டரு என்னதான் சொன்னாருன்னு நானே காதுல கேக்கோணும். இவரு சொல்லிக் கேட்டு ஒரு உசுரைப் பறிகுடுக்கப் பாத்தேன்" என்றார். அண்ணன் அந்த டாக்டரிடம் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. அதே மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார். வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தவரை அக்கா கிளப்பிவிட்டார். துணைக்கு நானும் போனேன். நாமக்கல்லிலிருந்து வந்த சேலம் பஸ்ஸில் ஏறிப் போய் இறங்கினோம். இந்த முறை அக்கா கதவைத் தாண்டி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

டாக்டர் அண்ணனைச் சோதித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "பீடியை விட்டாச்சா?"

அண்ணன் சுவரைப் பார்த்தார்.

"விடலையா? அன்னிக்கு மொதல்ல அதைத்தானே சொன்னேன். பீடியை விடுங்க, தினம் நடங்க, அப்புறம் நெய்யையும் கறியையும் கொறைச்சுக்குங்கன்னு சொன்னேன்."

"கொறைக்கவா சொன்னீங்க?" அக்காவின் குரலே மாறியிருந்தது. "ஆகவே ஆகாதுன்னு சொல்லலீங்களா?"

"கொறைச்சுக்கச் சொன்னேம்மா, இவருக்கு மட்டும்."

சிறுநீர் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரையும் இருந்தது. தினம் எத்தனை டீ, எவ்வளவு சர்க்கரை என்று டாக்டர் கேட்டார். அண்ணன் குறைத்துச் சொன்னார். அக்கா உண்மையைச் சொன்னார். சொல்லும்போது கைகளைப் பிசைந்துகொண்டே இருந்தார், சர்க்கரையை அள்ளிப் போட்டது அவர் கைதானே.

பஸ் ஸ்டாண்டில் நிழலாகப் பார்த்து மூன்று பேரும் நின்றோம். பஸ் வருவதற்குள் அக்கா கேட்டுவிட்டார்.

"ஏனுங்க எங்கிட்ட மறைச்சீங்க? செல்லமுத்துவுந்தானே கேட்டாரு, அவரும் சொல்லலையே."

"நாந்தான் வாயத் தொறக்காதேன்னு அவனுக்குக் கண்ணைக் காமிச்சேன்."

"ஏனுங்க?"

அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "நெய்யை நிறுத்தறது உங்கையில இருந்துச்சு பாவாயி. பீடியை நிறுத்தறது எங்கையில இருந்துச்சு. எங்கையில இருந்ததை என்னால செய்ய முடியல. உங்கையில இருக்கறதை நீ செய்வேன்னு தெரியும்."

அக்கா திட்டுவார், அழுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவரோ பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மல்லூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "கறியும் முட்டையும் வாயில்லாத வஸ்து. எல்லாப் பழியையும் அதும்மேல போட்டுட்டோம்" என்றார்.

பீடியை விட அண்ணனுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். இரண்டு முறை விட்டு, இரண்டு முறை திரும்பப் பிடித்தார். மூன்றாம் முறை விட்டது விட்டதுதான். பீடி ஞாபகம் வரும்போதெல்லாம் எழுந்து நடக்கத் தொடங்கினார். அதுவே பழக்கமாகி, விடிந்ததும் ஊர் எல்லை வரை போய் வருவார்.

அடுக்களையும் மாறியது. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சமைக்க அக்கா பழகிக்கொண்டார். பேத்திக்குச் சோற்றில் நெய், மருமகளுக்கு முட்டை, அண்ணனுக்குச் சர்க்கரை இல்லாத டீ. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு மறுபடி கொதித்தது. அண்ணன் தட்டில் இரண்டு துண்டு விழும், கொழுப்பு நீக்கியது. அவர் அதை மென்று தீர்க்கிற நேரத்தில் நாங்கள் சாப்பிட்டே எழுந்துவிடுவோம். நெய் வாங்க வருகிறவர்களை விசாரிக்கிற வழக்கத்தையும் அக்கா விட்டுவிட்டார். ஆனால் ஒன்றரைக் கிலோ கேட்டால் ஒரு கிலோதான் கட்டிக் கொடுப்பார். "தீந்தா வாங்க" என்பார்.

எண்பத்தெட்டில், மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், அண்ணன் கட்டிலில் படுத்திருந்தபடியே போய்விட்டார். மறுபடியும் நெஞ்சுதான். துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவர், "இத்தனை கட்டுப்பாடா இருந்தும் போயிட்டாரே, நல்லாத் தின்னுட்டாச்சும் போயிருக்கலாம்" என்றார். இன்னொருவர் விடவில்லை. "கட்டுப்பாடா இருந்ததாலதான் பதினஞ்சு வருசம் ஓடுச்சு" என்றார். நெய்யை விட்டதாலா, பீடியை விட்டதாலா, நடந்ததாலா என்று பந்தலில் பெரிய பேச்சாகிவிட்டது. கடைசியில் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"எதனாலன்னு எனக்குத் தெரியலீங்க" என்றார் அக்கா. "டாக்டருக்கும் தெரியுமான்னு தெரியல. அவரு பசியோட ஒருநாளும் படுத்ததில்லை. அது மட்டும் தெரியும்."

சொல்லிவிட்டு, வெளியூரிலிருந்து வந்தவர்கள் சாப்பிட்டார்களா என்று செல்லமுத்துவிடம் கேட்டார்.