எழுத்தில்லாத இரண்டு பொத்தான்கள்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம் நடந்தது இது. ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியாவை ஒட்டிய தெருவொன்றில், காது கேட்கும் கருவி பொருத்தும் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். கீழே துணிக்கடை, மாடியில் நாங்கள். தீபாவளி நெருங்கினால் கீழே ஸ்பீக்கரில் போடும் பாட்டில் நல்ல காதும் அடைத்துப்போகும். வியாபாரம் நமக்குத்தானே என்று எங்களுக்குள் கிண்டலடித்துக்கொள்வோம்.

நான் பயந்த சுபாவம். கேஸை அணைத்தேனா என்று, வேலைக்கு வரும் வழியில் பாலத்தைத் தாண்டியதும் சந்தேகம் வரும். அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டால்தான் மேற்கொண்டு வண்டி ஓட்டுவேன். இப்படிப்பட்டவளை நம்பி ஒரு கணினியைக் கொடுத்திருக்கிறார்கள்.

காது கருவியைக் கணினியோடு இணைத்துத்தான் அதன் அளவுகளைச் சரிசெய்வோம். எந்தச் சத்தம் எவ்வளவு கேட்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பழைய கருவிகளுக்கான மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால், எங்கள் புது லேப்டாப்புக்குள்ளேயே ஒரு பழைய கணினியை உருவாக்கி வைத்திருக்கிறோம். வெர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஒரு ஜன்னலைத் திறந்தால் அதற்குள் முழுக் கணினியே ஓடும். உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒத்துப்போகும்வரை கவலையில்லை.

அன்று காலை ஒத்துப்போகவில்லை. முந்திய நாள் லேப்டாப் தானாகவே ஏதோ அப்டேட் செய்திருந்தது. உள்கணினியைத் திறந்தால் திரை முழுக்கக் கோடு கோடாக நடுங்குகிறது, அங்கங்கே கறுப்புக் கட்டங்கள். முதலாளியம்மா ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மதியம் வரவிருந்த பெண்ணிடம் இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை.

அவர் சிம்பாங் அம்பாட்டில் இருப்பவர். ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறார். இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதும் கருவி போட்டால்தான். குழந்தை பிறந்தபோது அவருக்கு ஒரே பயம்தான் இருந்தது: ராத்திரி பிள்ளை அழுதால் தனக்குக் கேட்குமா? கணவருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. அதனால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மாதக்கணக்கில் எங்களிடம் வந்தார். முதலாளியம்மா கொஞ்சம் கொஞ்சமாக அளவுகளை மாற்றி, குழந்தை லேசாகச் சிணுங்கினாலும் கேட்கும், வீறிட்டு அழுதாலும் காது வலிக்காது என்ற நிலைக்குக் கொண்டுவந்திருந்தார். அந்தக் கருவியைக் கழற்றாமலேதான் அவர் தூங்குவார். இப்போது அது விசிலடிக்கிறது, உடனே பார்க்க வேண்டும் என்று செய்தி அனுப்பியிருந்தார்.

உள்கணினியில் ஒரு வசதி உண்டு. அது நன்றாக ஓடும்போது அதன் நிலையை அப்படியே பதிந்து வைத்துக்கொள்ளலாம். பிறகு எது கெட்டாலும் ஒரே சொடுக்கில் அந்த நாளுக்குத் திரும்பிவிடலாம். எங்கேயோ படித்தது நினைவுக்கு வந்தது, எப்போதோ பதிந்து வைத்திருந்த ஒரு நாளுக்குத் திரும்பினேன். திரை பளிச்சென்று ஆகிவிட்டது. நானே என் முதுகைத் தட்டிக்கொள்ளாத குறை. கீழே போய் ஒரு தே தாரிக் டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

மதியம் அவர் பிள்ளையோடு மேலே வந்தார். கணவர் பார்க்கிங் தேடி வட்டமடித்துக்கொண்டிருந்தார், லிட்டில் இந்தியாவில் அந்த வாரம் கார் நிறுத்த இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். கருவியைக் கழற்றி வாங்கி, மேசையில் இருந்த இணைப்புப் பெட்டியில் வயரைச் செருகி, கணினியில் அவருடைய கோப்பைத் திறந்தேன். கடைசியாக வந்த நாள் என்று இருந்த தேதி, அவர் கர்ப்பமாக இருந்த காலத்தைக் காட்டியது. பழைய நாளுக்குத் திரும்பியபோது, அதற்குப் பிறகு சேமித்ததெல்லாம் என் கையாலேயே அழிந்திருக்கிறது. பிள்ளைக்காகச் செய்த அத்தனை மாற்றமும் இனி அந்தச் சின்னக் கருவிக்குள் மட்டும்தான் இருக்கிறது.

அதை உள்வாங்குவதற்குள் மென்பொருள் ஒரு கேள்வியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. கருவியில் இருப்பதும் கோப்பில் இருப்பதும் வேறுவேறாக இருந்தால் எப்போதும் கேட்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் கருவியில் உள்ளது கோப்புக்கு வரும். மற்றதை அழுத்தினால் கோப்பில் உள்ள பழையது கருவிக்குப் போய், அங்கிருப்பதை அழித்துவிடும். சரியாக அந்த நேரம் பார்த்துத் திரை மறுபடியும் நடுங்கத் தொடங்கியது. கேள்வி இருந்த இடம் கறுப்பு. அதன் கீழே சாம்பல் நிறத்தில் இரண்டு பொத்தான்கள், ஓர் எழுத்துகூட இல்லாமல்.

எத்தனையோ தடவை பார்த்த கேள்விதான். எது எந்தப் பக்கம் என்று மட்டும் நினைவுக்கு வரவில்லை. இடதுபக்கம்தான் சரி என்று மனம் சொன்னது. சுட்டியை அதன் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு, விரலை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் நிலையத்தின் கணினிகளைப் பழுது பார்க்கும் அண்ணனுக்குப் போன் செய்தேன். கேட்டவுடன், கிராபிக்ஸ்தான் கோளாறு, உள்கணினியை நிறுத்திவிட்டு அதன் அமைப்புகளில் முப்பரிமாண முடுக்கம் என்பதை அணைத்தால் திரை சரியாகிவிடும் என்றார். ஆனால் மென்பொருள் இப்போது கருவியில் எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். எழுதும்போது இணைப்பைத் துண்டித்தால் கருவியே செத்துப்போகும். எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான்.

"அது எழுதுதா, சும்மா நிக்குதானு இங்கேருந்து எனக்கு எப்படிம்மா தெரியும்? நீதான்லா பார்க்கணும்" என்றார் அண்ணன்.

பார்ப்பதற்குத் திரையில் என்ன இருக்கிறது? கோடுகள்தான்.

அந்தப் பெண் என் கையைத் தொட்டார். "என்னாக்கா ஆச்சு? உங்க மொகமே சரியில்ல."

ஒன்றுமில்லை என்று சிரித்துச் சமாளிக்கத்தான் முதலில் தோன்றியது. ஆனால் உதட்டையும் முகத்தையும் பார்த்தே வாழ்க்கையை நடத்துகிறவரிடம் எதைச் சமாளிப்பது? அவருக்குப் புரியும்படி மெதுவாக வாயசைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பு போனதையும், அது என்னால் போனதையும், இந்தப் பொத்தான்களில் ஒன்று கருவியைப் பழையபடி ஆக்கிவிடும் என்பதையும். அவர் முகம் வெளுத்துவிட்டது. மடியில் இருந்த பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கும் அவருக்கு நைட் ஷிப்ட்டுதான் அக்கா. நான் எப்படித் தூங்குறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் இணைப்புப் பெட்டியைக் காட்டினார். "இந்த லைட்டு இருக்குல்ல, நீங்க சேவ் பண்றப்பல்லாம் மின்னும். இப்ப மின்னல, சும்மா எரியுது."

அப்போதுதான் அதைப் பார்த்தேன். பெட்டியின் ஓரத்தில் கடுகளவு பச்சை விளக்கு. வேலை செய்யும்போது எங்கள் கண் முழுக்கத் திரையில்தான் இருக்கும், அதனால் நான் அதைக் கவனித்ததே இல்லை. கருவியைக் கழற்றித் தந்துவிட்டால் அவருக்கோ எதுவும் கேட்காது, திரையும் எங்கள் பக்கம் திரும்பியிருக்கும். எதிரில் உட்கார்ந்து அவர் பார்ப்பதற்கு அந்த விளக்கு ஒன்றுதான் இருந்திருக்கிறது.

அண்ணனிடம் கேட்டேன். தகவல் போய்வந்துகொண்டிருந்தால்தான் விளக்கு மின்னும், அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்றார். அப்படியும் எனக்குத் துணிவு வரவில்லை. இமைக்காமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையாமல் எரிந்தது.

"வயரை நீங்க கழட்டுறீங்களா, நான் கழட்டவா?" என்று கேட்டார் அவர்.

நானே கழற்றினேன்.

உள்கணினியை நிறுத்தி, அண்ணன் சொன்னதை அணைத்து, மறுபடி ஓடவிட்டேன். நிறங்கள் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் கோடுகள் இல்லை. கருவியை மறுபடி இணைத்தேன். அதே கேள்வி வந்தது, இந்தத் தடவை எழுத்துகளோடு. என் மனம் சரி என்று சொன்ன இடதுபக்கப் பொத்தானில், கோப்பில் உள்ளதைக் கருவிக்கு அனுப்பு என்று இருந்தது. நாற்காலியில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் வலதுபக்கத்தை அழுத்த முடிந்தது. எல்லா அளவும் பத்திரமாகக் கோப்புக்கு வந்து சேர்ந்தது. உள்கணினிக்கு வெளியே லேப்டாப்பிலும் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். மற்றவர்களின் கோப்புகளை அவரவர் கருவியிலிருந்து மீட்க வெகுநாள் ஆனதும், முதலாளியம்மாவிடம் நான் வாங்கிக்கட்டிக்கொண்டதும் தனிக்கதை.

விசில் சத்தத்துக்குக் காரணம் வேறொன்றுமில்லை, காதுக்குள் போகும் குழாயில் விரிசல். மாற்றிக் கொடுத்தேன். அதற்குள் கணவர் மேலே வந்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு மனைவிக்குப் பின்னால் நின்றார். கருவியை மாட்டியதும் கீழ்க்கடைப் பாட்டுக்கு முகத்தைச் சுளித்தார் அந்தப் பெண். பின்னால் பிள்ளை அழக்கூட இல்லை, கொட்டாவியோடு லேசாக ஒரு முனகல் முனகியது. அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். நான் எதையோ எடுப்பதுபோல் உள்ளறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

என் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அது வரும்போது, எதிரில் இருப்பவரிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அன்று ஒன்றுமில்லை என்று சிரித்துவிட்டு என் மனம் சொன்ன பொத்தானை அழுத்தியிருந்தால், ராத்திரி அந்தப் பிள்ளை சிணுங்கினாலும் பக்கத்தில் படுத்திருந்த தாய்க்கு அது கேட்டிருக்காது.