தொப்பி மாத்திரை

எங்கள் வீட்டில் எந்த மாத்திரைக்கும் பெயர் கிடையாது. என் பிரஷர் மாத்திரை "பொடிசு". சர்க்கரைக்குப் போடுவது "நீட்டு". என் வீட்டுக்காரர் முதுகுவலிக்குப் போடுகிற, பாதி சிவப்பும் பாதி வெள்ளையுமான கேப்சூல் "தொப்பி". மருந்துக்கடைக்காரரும் இதற்கு ஒத்து ஊதுவார். "அண்ணனுக்குத் தொப்பி ஒரு வாரத்துக்குப் போதுமா?" என்று கேட்டுவிட்டு அட்டையைக் கத்தரியால் நறுக்கி, பழுப்புக் கவரில் போட்டு நீட்டுவார். பெயர் அச்சடித்த துண்டு யார் வீட்டுக்குப் போனதோ, யார் கண்டது? நானோ அந்தத் துண்டுகளையும் பிரித்து, எல்லாவற்றையும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கொட்டி வைத்துவிடுவேன். கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இப்படித்தான். என்னை மட்டும் திட்ட வேண்டாம்.

துபாயில் இருக்கும் எங்கள் மகளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. அவள் காத்திருந்த அத்தனை வருஷமும் சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றியவர் என் வீட்டுக்காரர்தான். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நான் மாதாவிடம் சண்டைதான் போட்டேன். அங்கேயே கோயிலில் ஞானஸ்நானம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானதும் மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பாதான் புள்ளையத் தூக்கிக்கினு நிக்கணும். வேற யாரும் வாணாம்."

அதைக் கேட்ட மனுஷர் அன்றைக்கு முழுக்கச் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் சாப்பிட்டார்.

டிக்கெட் போட்டாயிற்று. பிறகு ஒரு நாள் வீடியோவில் மகள் கேட்டாள்.

"அப்பா என்னா மாத்திர சாப்புடுறாரு? பேரு சொல்லு."

"தொப்பி."

"அம்மா, வெளாடாத."

டப்பாவையே ஃபோன் முன்னால் காட்டினேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து டப்பாவை மூடினேன்.

"ஐயோ, இந்த டப்பாவோட வந்து எறங்கிடாதம்மா. நரம்பு வலிக்குப் போடுற மாத்திரையில சிலது இங்க போதை மருந்து மாதிரி கணக்கு. முன்னாடியே பர்மிஷன் வாங்கணும். டாக்டர் லெட்டரு, பேரு போட்ட முழு அட்டை, எல்லாம் வேணும். இல்லன்னா அப்பாவ உள்ள வெச்சிடுவாங்க."

"வலிக்கு மாத்திர சாப்புடுறவன உள்ள வெக்கிறதுக்கு ஒரு சட்டமா? நல்லா இருப்பாங்களா அவுங்க?" என்று நான் கத்தினேன். துபாய் வரைக்கும் கேட்டிருக்கும். அவர் மட்டும் நிதானமாகச் சொன்னார். "வுடு. அது இல்லாமலே போய்ட்டு வந்துடலாம்."

அவர் சொல்வதை நம்பவே கூடாது. செம்மங்குப்பம் பக்கத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்தபோது ஏணியிலிருந்து விழுந்தவர். முதுகில் ஆபரேஷன் முடிந்து கண் திறந்ததும், "வலிக்குதா?" என்று கேட்டேன். "லேசா" என்றார். அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டிருப்பேன்! கால் எரிகிறதா, இடுப்பு பிடிக்கிறதா, தூக்கம் வந்ததா, எதற்கும் அந்த ஒரே பதில்தான். லேசா. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகள் அழைத்த அடுத்த வாரம் ஜெபமாலைக்கு முன்னால் மாதா சுரூபத்தைத் துடைக்கலாம் என்று எடுத்தேன். பின்னால் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் உள்ளே தொப்பி, தொப்பியாய். நான் எடுத்துக் கையில் கொடுத்ததை எல்லாம் வாயில் போடுகிற மாதிரி போட்டு, தண்ணீர் குடித்துக் காட்டிவிட்டு, இங்கே கொண்டுவந்து மாதாவிடம் ஒப்படைத்திருக்கிறார்.

கோபமாக மாடிக்கு ஏறினேன். அங்கே அவர் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். கீரப்பாளையத்திலிருந்து என் தம்பி கொடுத்தனுப்பும் அரிசியில் கொஞ்சத்தைத் துணிப்பையில் கட்டி, இடது கையில் ஏந்தி, வலது கையால் தட்டிக்கொடுத்தபடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போகிறார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"என்னா பண்றீங்க?"

"கோயில்ல பூச முடியற வரைக்கும் பாப்பாவத் தூக்கிக்கினு நிக்க முடியுதான்னு பாத்தேன்."

"தொப்பிய நிறுத்திட்டீங்களா?"

"பழகிக்கலாம்னுதான். ஊருக்குப் போறதுக்குள்ள சரியாயிடும்."

"வலிக்குதா?"

"லேசா."

"உங்க லேசாவுல கொள்ளிய வெக்க!" என்று மூட்டையைப் பிடுங்கினேன். பிடுங்கின வேகத்தில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார், அந்த அரிசி மூட்டையைத் தட்டின அதே கையால்.

மறுநாள் காலை முதல் வேலையாகச் சிதம்பரம் பஸ் ஏறினோம். கீழவீதிப் பக்கம் இருக்கும் அந்த டாக்டரம்மாதான் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவரைப் பார்க்கிறார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"இத திடீர்னு நிறுத்தக் கூடாதுங்க. ஃபிட்ஸ்கூட வரலாம். யாரக் கேட்டு நிறுத்துனீங்க?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். "பேத்தியப் பாக்கணுங்க" என்றார். டாக்டரம்மா அதற்கு மேல் திட்டவில்லை. எப்படி மறுபடியும் தொடங்குவது என்று சொன்னார். மாத்திரையின் பெயர், அளவு, எதற்காக என்று எல்லாம் விளக்கி முத்திரை போட்டுக் கடிதம் கொடுத்தார். திரும்பும் வழியில் நான் மருந்துக்கடையில் நின்று, "கத்தரியத் தொடாதீங்க, முழு அட்டையா பெட்டியோட குடுங்க" என்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்றைக்குத்தான் தொப்பியின் உண்மையான பெயரைப் படித்தேன். வாயில் நுழையவில்லை.

மகள் அனுமதிக்கு விண்ணப்பம் போட்டாள். பதில் வரவில்லை. நாள் நெருங்க நெருங்க, நான் அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். "பர்மிஷன் வந்தா ரெண்டு பேரும் போறோம். வரலன்னா ரெண்டு பேரும் இங்கியே கெடக்கறோம். மாத்திர இல்லாம உங்கள இட்டுக்கினு போவ மாட்டேன். திருட்டுத்தனமாவும் போவ மாட்டேன்." அவர் என்னோடு பேச்சை நிறுத்தினார். காபி வேண்டுமென்றால்கூட டம்ளரைத் தட்டிக் காட்டுவார். கோபம் அவருக்கு வருவதே அபூர்வம். அது என்மேலேயே வந்தது. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை. அனுமதி வந்துவிட்டது என்று மகள் கத்தியபோது நான் பெட்டியில் வைத்த துணிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தத் துணிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்தார்.

விமானத்திலிருந்து இறங்கியதும் எங்களிடம் மருந்து இருக்கிறது என்று நாங்களே போய்ச் சொல்ல வேண்டும் என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சொன்னோம். சீருடை போட்ட அதிகாரி பெட்டியைப் பிரித்தார், அட்டையைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பக்கத்திலிருந்த ஒரு மலையாளி ஊழியரைக் கூப்பிட்டு ஏதோ கேட்கச் சொன்னார்.

"இது எதுக்கு சாப்பிடுறீங்கன்னு சார் கேக்குறார்."

நான் வாயைத் திறந்தேன். ஊழியர் கையைக் காட்டினார். "சேச்சி, சாப்பிடுறவர் சொல்லட்டும்."

என் வீட்டுக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அதிகாரியிடம் சொன்னார்.

"வலிக்குதுங்க. முதுவுலேர்ந்து பாதம் வரைக்கும். நெருப்பு வெச்ச மாதிரி. வுழுந்த நாள்லேர்ந்து வலி இல்லாத நேரமே கெடையாது. இது போட்டா நிக்க முடியுது. அதுக்குதாங்க."

ஊழியர் அதை அரபியில் சொல்லி முடிப்பதற்குள் கண்ணீர் என் கண்ணை மறைத்தது. இத்தனை வருஷம் நான் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டும் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் நின்றபடி சொல்லிவிட்டார். பாவமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. அதிகாரி அட்டையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார். உட்கார ஒரு நாற்காலியும் போடச் சொன்னார். நான் திட்டித் தீர்த்த நாட்டுக்காரர்தான்.

ஞானஸ்நானத்தன்று அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு குழந்தையை ஏந்தி நின்றார். இடது கையில் தலை, வலது கையால் மெல்லத் தட்டல். மாடியில் பழகியது அப்படியே வந்தது. நான் பின்னால் ஒட்டி நின்றேன். தலையில் தண்ணீர் விழுந்ததும் குழந்தை வீறிட்டது.

"அரிசி அழுவல" என்று திரும்பாமலே கிசுகிசுத்தார். நான் முக்காட்டை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினேன்.

மெழுகுவத்தி ஏற்றும் நேரத்தில் அவர் தோள் லேசாகச் சாய்வதைப் பார்த்தேன். கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவராகவே திரும்பினார்.

"இந்தா, பாப்பாவப் புடி. எனக்கு வலிக்குது."

குழந்தையை ஒரு கையில் வாங்கிக்கொண்டேன். இன்னொரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டேன்.