பதினான்கு மீட்டர் ஆழத்தில் ஓர் இலை

ஓசூரிலிருந்து இரண்டு பெண்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே கேள்வியை எனக்கு எழுதியிருந்தார்கள். நாற்பது வயதுக்கு மேல் அந்தமானில் ஒரு டைவிங் மையத்தில் வேலைக்குப் போகலாமா, போனால் அரிய கடலுயிர்களைப் பார்க்க முடியுமா? முதல் பாதிக்குப் பதில் சுலபம். போகலாம். இரண்டாவது பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நானே அப்படிப் போன டிசம்பர் முதல் வாரம் கிளம்பி மார்ச் கடைசியில் திரும்பினேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. விலங்கியல் படித்தவள். கல்யாணமாகி விருதுநகர்ப் பக்கமிருந்து ஓசூர் வந்து, சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடம் கடைசிப் பரிசோதனையில் இருந்தேன். விளக்கடியில் ஒவ்வொரு பார்ட்டையும் திருப்பித் திருப்பி, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நான் முத்திரை வைத்த பிறகு இரண்டாவது ஆளும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இரண்டாவது ஆள் ஷம்ஷாத், கிருஷ்ணகிரிக்காரி. "அக்கா பாத்தாச்சுன்னா பாத்ததுதான்" என்று பாராமலே போட்டுவிடுவாள். நானும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

போன வருடம் எங்கள் இருவர் பெயரோடும் போன ஒரு பார்ட் விரிசலோடு திரும்பி வந்தது. யாருக்கும் அடிபடவில்லை. யாரும் திட்டவும் இல்லை. மேலாளர் அதை என் கையில் கொடுத்தார். கண்ணாடி போட்டுப் பார்த்தேன், விரிசல் தெரிந்தது. கழற்றிவிட்டுப் பார்த்தேன், தெரியவில்லை. வெள்ளெழுத்து. எப்போது வந்தது, அதற்கு முன் எத்தனை பார்ட்டை அப்படி அனுப்பினேன் என்பது எனக்கே தெரியாது. என்னை ஸ்டோருக்கும் ஷம்ஷாத்தை பேக்கிங்குக்கும் மாற்றினார்கள். நான் இரண்டு மாதத்தில் வேலையை விட்டேன். அவளால் விட முடியாது.

அந்தச் சமயத்தில்தான் குருபரப்பள்ளியில் சின்ன யூனிட் வைத்திருக்கும் முனிராஜு வீட்டுக்கே வந்து, பரிசோதனைப் பொறுப்புக்குக் கூப்பிட்டார். ஏப்ரலில் சொல்கிறேன் என்றேன். கண்ணாடி மாற்றினால் எழுத்து தெரியும். ஆனால் ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு இன்னும் தகுதி இருக்கிறதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் மறுபடி ஒரு மேஜையில் உட்காரக் கூடாது என்று இருந்தேன்.

வழி ஷம்ஷாத் மூலமே வந்தது. அவள் கொழுந்தன் ஹேவ்லாக் தீவில் ஒரு டைவிங் மையத்தில் சமையல்காரர். பெங்களூர்க்காரர்கள் நிறைய வருவதால் கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் பேசும் பெண் ஒருவர் முன்மேஜைக்கு வேண்டுமாம். ஓசூரில் நாலு மொழி என்பது ரேஷன் கார்டு மாதிரி, எல்லார் வீட்டிலும் இருக்கும். அது ஒரு தகுதி என்று அன்றுதான் தெரிந்தது. சம்பளம் மாதம் பதினெட்டாயிரம், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், கூட்டம் இல்லாத நாளில் படகில் இடம் இருந்தால் டைவிங்கும் இலவசம்.

போவதற்கு முன் மருத்துவச் சான்று வேண்டும். ராயக்கோட்டை சாலையில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் நெடுநேரம் கண்ணைப் பரிசோதித்துவிட்டு, "ஹெவி வெஹிக்கிளா, லைட் வெஹிக்கிளா?" என்றார். டிரைவிங் இல்லை சார், டைவிங் என்றேன். "இந்த வயசுலயா?" என்று கேட்டவர், காதையும் நுரையீரலையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். டைவிங் என்ற சொல்லை எழுதியே எடுத்துப் போங்கள்.

பயணம் இப்படி. விமானம் காலையில் என்பதால் முந்தின நாள் மதியம் மூன்று மணிக்கே ஓசூர் பேருந்து நிலையத்தில் ஏறினேன். அத்திபள்ளி நெரிசலைத் தாண்டி பெங்களூர் சில்க் போர்டு போக ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கிருந்து விமான நிலையப் பேருந்தில் இன்னும் இரண்டு மணி நேரம். மொத்தம் எண்பது கிலோமீட்டர் சொச்சம், நானூறு ரூபாய்க்குள் முடிந்தது. விமானம் 7,350 ரூபாய், மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. போர்ட் பிளேரிலிருந்து அரசுக் கப்பல் மலிவு, ஆனால் டிக்கெட் கிடைக்கவில்லை. தனியார் படகில் 1,600 கொடுத்து ஒன்றரை மணி நேரத்தில் தீவில் இறங்கினேன். மழை பெய்துகொண்டிருந்தது.

டிசம்பர் முழுக்க ஏறக்குறைய அப்படித்தான். புயல் சின்னம் என்று நாலு நாள் படகே எடுக்கவில்லை. அறைச் சுவரில் பூஞ்சை. நான் செய்ததெல்லாம் விருந்தினர் படிவம் நிரப்புவது, ரப்பர் உடைகளை அலசிக் காயப்போடுவது, அவை காயாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது. ஊழியர் சலுகையில் நாலு நாள் பயிற்சி முடித்து முதல்முறை கீழே போனபோது, படங்களில் பார்த்த வண்ணங்களை எதிர்பார்த்துப் போனேன். பவளம் பெரும்பகுதி வெளுத்துச் செத்துக் கிடந்தது. இடிந்த வீட்டுக்குள் நடப்பது போல இருந்தது. இதையும் எழுதாமல் விட்டால் உங்களை ஏமாற்றியதாகும்.

மையத்து வாசலில் ஒரு வெள்ளைப் பலகை. அன்றன்று யார் எந்த அரிய உயிரைப் பார்த்தார்கள் என்று எழுதுவார்கள். ஒரே ஒரு விதி: படம் வேண்டும், இல்லையென்றால் இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும். அந்த விதியை இரண்டு முறை வாசித்தேன்.

டைவ் மாஸ்டர் சேகர் தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், முப்பத்திரண்டு வயது. அவரிடம், இங்கே கண்டுபிடிக்கவே முடியாதது எது என்று கேட்டேன்.

"கோஸ்ட் பைப்ஃபிஷ்தான்க்கா. செத்த இலை மாதிரியே இருக்கும், தலைகீழாத் தொங்கும். எட்டு வருஷத்துல நாலே வாட்டி பாத்திருக்கேன். அதுல ரெண்டு வாட்டி கெஸ்ட்டு காட்டிக் குடுத்தது."

பைப்ஃபிஷ் என்றால் குழல்மீன், கல்லூரியில் படித்திருக்கிறேன். கடற்குதிரைக்கு உறவு. கடற்குதிரையில் முட்டையைச் சுமப்பது ஆண், இந்த மீனில் பெண். நீளம் ஒரு விரல் இருக்கும். சரி, இதுதான் என்று முடிவு செய்தேன். அடிப்பகுதியில் வெள்ளெழுத்து லென்ஸ் ஒட்டிய கண்ணாடிக் கவசம் ஒன்று மையத்திலேயே கிடந்தது. யாரோ விட்டுப்போனது. அதை எடுத்துக்கொண்டேன்.

தேடத் தெரிந்த முறை ஒன்றுதான். மணல் திட்டைக் கட்டம் கட்டமாக மனதில் பிரித்து, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். சேகர் சிரிப்பார். "அக்கா, இது உங்க கம்பெனி லைன் இல்ல, மீனு வரிசைல வராது." ஆனால் அந்த முறையில் நகத்தளவு ஓடில்லா நத்தைகளைக் கண்டுபிடித்தேன். கல்லாகவே மாறிப்போன ஒரு தேள்மீனை அவர் கைவைக்கப் போகும்முன் காட்டினேன். மூன்று முறை இலை மீன் என்று அவரைக் கூப்பிட்டேன். மூன்று முறையும் இலை. மூன்றாவது முறை அவர் அந்த இலையை எடுத்து, மரியாதையாக என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் இரண்டாம் வாரம், என் முப்பத்தோராவது டைவ். காலை பதினொன்று பத்து. ஆழம் பதினான்கு மீட்டர். சேகரும் நாலு விருந்தினர்களும் எட்டு மீட்டர் தள்ளி ஓர் ஆமையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முன்னால் மணலில் கடற்புல். அதன் நடுவே இரண்டு பழுப்பு இலைகள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அலை புல்லை வலப்பக்கம் சாய்த்தது. இலைகளும் சாய்ந்தன. அலை நின்றது. புல் நிமிர்ந்தது. பெரிய இலை மட்டும் ஒரு நொடி தாமதித்து நிமிர்ந்தது.

குனிந்து லென்ஸ் வழியாகப் பார்த்தேன். இலைக்குக் கண் இருந்தது. வயிற்றடியில் துடுப்புகள் கூப்பிய கைகள் மாதிரி சேர்ந்திருந்தன. உள்ளே கடுகு கடுகாக ஏதோ.

சேகர் திரும்பினார். விரலை வட்டமாக மடக்கி, சரியா என்று சைகையில் கேட்டார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

டைவிங் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையில் கைவைத்திருப்பார்கள். எங்கள் தொழிற்சாலையில் பிரஸ் ஷாப் இயந்திரச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. இந்தக் கோடியிலிருந்து சரியா என்று கேட்டால், அந்தக் கோடியிலிருந்து கட்டைவிரலை உயர்த்துவோம். பத்தொன்பது வருடம் ஒரு நாளைக்கு நூறு தடவை. தண்ணீருக்கடியில் அதற்கு ஒரே அர்த்தம்: மேலே போக வேண்டும். பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுத்ததுதான். யார் காட்டினாலும், ஏன் என்று கேட்காமல், எல்லோரும் ஏறியாக வேண்டும்.

சேகர் பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்தினார், நாலு பேரையும் திரட்டினார், ஒரே வீச்சில் வந்து என் கையைப் பிடித்தார். நான் தலையை ஆட்டினேன். கீழே கையைக் காட்டினேன். பயத்தில் தடுமாறுகிறேன் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தார். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும் என்பது விதி. அந்த மூன்று நிமிடமும் கீழே பார்த்துக்கொண்டே தொங்கினேன். அங்கிருந்து எல்லாமே இலைதான்.

தண்ணீருக்கு மேலே வந்ததும் சேகர் கேட்டார்: "என்னக்கா, காத்து வரலியா? நெஞ்சு வலிக்குதா?"

"மீனப் பாத்தேன் சேகர். ஜோடி. முட்டையோட."

"அரே! அதுக்கு எதுக்கு மேல போகச் சொன்னீங்க?"

என் கட்டைவிரலைப் பார்த்தேன். விருந்தினரில் ஒருவர் ஆறாயிரம் கொடுத்து வந்ததைச் சத்தமாகவே ஞாபகப்படுத்தினார். ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி இறங்கினோம். புல் இருந்தது. ஒரு பழுப்பு இலையும் இருந்தது. நெடுநேரம் பார்த்தேன். இலைதான். மறுநாள் காலை என் மேஜையில் யாரோ ஒரு தம்ஸ் அப் பாட்டிலை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மீனைப் பார்த்த அன்று சாயங்காலம் சேகர் மார்க்கரோடு பலகை முன் நின்றார். "எழுதிடவாக்கா? நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. ரெண்டு பேரு."

"நீங்க பாக்கலியே."

"நீங்க பாத்தேன்னா பாத்ததுதானே. எனக்கு உங்க கண்ணு தெரியாதா?"

அதே சொல். கிருஷ்ணகிரியிலிருந்து கடல் தாண்டி வந்து அதே சொல் நிற்கிறது. வேண்டாம் என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்பாகத்தான் கேட்டார். அதன்பின் இருந்த இரண்டு வாரமும் நாங்கள் முன்போல் பேசிக்கொள்ளவில்லை. அதே இடத்துக்கு இன்னும் ஆறு முறை இறங்கினேன். ஒன்றும் இல்லை.

ஏப்ரல் முதல் வாரம் குருபரப்பள்ளி போனேன். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி பேருந்தில் ஒரு மணி நேரம், சூளகிரி தாண்டி நெடுஞ்சாலையில் இறங்க வேண்டும். முனிராஜு காபி வரவழைத்தார். வருகிறேன், ஆனால் எனக்குப் பின்னால் இன்னோர் ஆள் ஒவ்வொன்றையும் நிஜமாகவே பார்க்க வேண்டும், ஷம்ஷாத்தையும் எடுங்கள் என்றேன்.

"ஐயோ மேடம், நீங்க ஒருத்தரு பாத்தா சாலு, போதும். ரெண்டு ஆளுக்குக் குடுக்கிற அளவுக்கு நம்மது பெரிய கம்பெனியா?"

"நான் ஒருத்தி பாத்து ஒண்ணு தப்பிப் போச்சு சார்."

"ஒண்ணுதானே மேடம்!" என்று சிரித்தார். நல்ல மனிதர். எழுந்துகொண்டேன். வரும் வழியில் ஷம்ஷாத்திடம் போனில் சொன்னேன். எனக்குப் போன வேலை அவளுக்கும் போன வேலை.

"அது கெடக்கட்டும்க்கா. அந்த மீன நீ பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன்."

"அப்ப பாத்த..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "நான் பாக்கலக்கா" என்றாள். இருபது வருடத்தில் அவள் எனக்குச் செய்த பெரிய உதவி அது.

இனி, போக நினைப்பவர்களுக்கு. பிப்ரவரிக்குப் பிறகு போங்கள், தண்ணீர் தெளிவாக இருக்கும். நாற்பதைத் தாண்டியிருந்தால் லென்ஸ் ஒட்டிய கண்ணாடிக் கவசத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாள் விடுங்கள், உடம்புக்கு அது கட்டாயம். தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், விரல் வட்டத்தை வீட்டிலேயே பழகிக்கொண்டு போங்கள். படித்தது போதாது, கை பழைய பழக்கத்தை மறக்க வேண்டும்.

படகுத்துறையிலிருந்து தெற்கே இருபது நிமிடம் படகில் போனால் அந்தக் கடற்புல் திட்டு. பதினான்கு மீட்டர். அந்த ஜோடி இனி இருக்காது, அவற்றுக்கு ஆயுள் குறைவு என்கிறார்கள். ஆனாலும் போனால் குனிந்து பாருங்கள். பார்த்தது எதுவானாலும் எனக்கு எழுதுங்கள், வெறும் இலை என்றாலும். நான் சொன்னேன் என்பதற்காக மட்டும் பார்த்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.