நொட்டையார் வாங்கிய படகு

தண்ணீர்க் குழாய் செய்யும் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எதை எடுத்தாலும் நொட்டை சொல்வதால் அங்கே எல்லோரும் அவருக்கு வைத்த பெயர் நொட்டையார். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை. தன் பார்வையின் கூர்மைக்குக் கிடைத்த பட்டம் என்றே எடுத்துக்கொண்டார். ஒரு குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எவன் கண்ணுக்கும் தெரியாத கீறலைப் பிடித்து, அதைக் கழிவுத் தொட்டியில் வீசும்போது கேட்கும் 'டங்' என்ற சத்தத்தில் அவருக்கு ஒரு கிறக்கம்.

வீட்டிலும் அதே உத்தியோகம்தான். மடித்து வைத்த சட்டையில் சுருக்கம், டாக்டர் எழுதிய சீட்டில் தேதி தப்பு, எதிர்வீட்டு வாசல்படி ஒரு பக்கம் சாய்வு. மகள் கூட்டிவந்து காட்டிய பையனை, செருப்பைக் கழற்றும்போது சுவரைப் பிடித்தான் என்பதற்காக வேண்டாம் என்றார். அவள் அவனையே கட்டிக்கொண்டு கல்யாண ஃபோட்டோவை அனுப்பினாள். ஃபோட்டோ கொஞ்சம் மங்கல் என்று பதில் போட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு குறை சொல்ல ஆள் குறைந்துபோனதுதான் அவருக்குப் பெரிய குறை. அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பஸ் ஓட்டுகிறவன். லீவு நாளில் ஏரியில் வாடகைப் படகு எடுத்து மீன் பிடிப்பான். அதைப் பார்த்து இவருக்கும் ஆசை வந்தது. ஆனால் வாடகைப் படகில் ஏறுகிற ஆளா அவர்?

"மரப் படகு உளுத்துப்போகும். அலுமினியம்தான் வாங்கணும். பழசா இருந்தாலும் பரவாயில்ல, நான் பாத்து எடுத்தா ஒரு குறை இருக்காது" என்று தெருவில் மூன்று பேரிடம் சொல்லிவிட்டார்.

படகை விற்றவர் ஒரு தையல்காரர். முதுகுவலி வந்து மீன்பிடிப்பை விட்டவர். அவர் வீட்டுக் கொல்லையில் நின்ற படகை நொட்டையார் டார்ச், பூதக்கண்ணாடி, சாக்பீஸ் சகிதம் இரண்டு மணி நேரம் சோதித்தார். பெயிண்ட் உரிந்த இடத்தில் ஒரு வட்டம், உட்காரும் பலகையில் வெடிப்புக்கு ஒரு வட்டம், துடுப்பில் கீறலுக்கு ஒன்று என்று இருபத்துமூன்று வட்டம் போட்டார். படகுக்கு அம்மை போட்ட மாதிரி ஆயிற்று.

தையல்காரர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சார், இதெல்லாம் சரி. பின்பக்கம் இன்ஜின் மாட்டுற பலகையை ஒரு தடவை பாத்துருங்க. போன வருஷம் இன்ஜின் ஒரு பாறையில மோதிச்சு. அப்புறம் வேகமாப் போனா அந்தப் பலகை லேசா ஆடுதோன்னு ஒரு சந்தேகம். ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம்" என்றார்.

நொட்டையாருக்குச் சுருக்கென்றது. தான் பார்த்து முடித்த சாமானில் இன்னொருவன் குறை சொல்வதா? அடுத்தவன் கண்டுபிடித்த குறை அவருக்குக் குறையாகவே தெரியாது. "பாக்குறது எப்படின்னு எனக்குச் சொல்லித்தர வேண்டாம்" என்று பேச்சை வெட்டி, அன்றைக்கே படகை வீட்டுக்கு இழுத்துவந்தார்.

மறுநாள் சாக்பீஸ் வட்டங்களைக் கழுவியது அவர் மனைவி. பின்பக்கம் வந்ததும் நின்றாள்.

"என்னங்க, இந்த போல்ட்டுக்குப் பக்கத்துல பழுப்பா தண்ணி கசியுது."

"கழுவினா கசியத்தான் செய்யும்."

"வெளியில ஊத்துன தண்ணி வெள்ளையா இருக்கு. உள்ளேருந்து வர்றது பழுப்பா இருக்கே. மூலையில கோடு வேற ஓடுது."

"நீ என்ன, இருபத்தெட்டு வருஷம் குழாய் பாத்தியா?"

"இல்ல. உங்களத்தான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வாரக் கடைசியில் அவரும் மனைவியும் மச்சானும் ஏரிக்குப் போனார்கள். மச்சான் பின்னால் இன்ஜினைப் பிடித்துக்கொண்டான். நொட்டையார் முன்னால் தொப்பி போட்டு உட்கார்ந்து, மற்ற படகுகளின் லட்சணத்தைப் பற்றி மனைவிக்கு விளக்கிக்கொண்டு வந்தார். ஏரியின் நடுவில் மச்சான் வேகத்தைக் கூட்டினான்.

"அத்தான், இன்ஜின் தலையாட்டுது."

"உனக்கு ஓட்டத் தெரியல."

"பஸ்ஸே ஓட்டுறேன் அத்தான். பலகையோட சேந்து ஆடுது, பாருங்க."

அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் படக்கென்று ஒரு சத்தம். பின்மூலையில் இருந்த கோடு வாய் பிளந்தது. குளிர்ந்த தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

"யாரும் பதற வேண்டாம். எங்கேருந்து வருதுன்னு பாக்குறேன்" என்று நொட்டையார் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். மனைவி அதைப் பிடுங்கி, அவர் கையில் வாளியைத் திணித்தாள்.

"பாத்தது போதும், இறைங்க!"

மச்சான் இன்ஜினை அணைத்துக் கழற்றி, தூக்கிப் படகின் நடுவில் கிடத்தினான். பின்பக்கம் பாரம் குறைந்ததும் பிளவு தண்ணீருக்கு மேலே வந்தது. அக்காவும் தம்பியும் துடுப்புப் போட, அவர் இறைக்க, ஒரு மணி நேரத்தில் கரை சேர்ந்தார்கள். கரையில் கூடியிருந்தவர்களில் தெருக்காரர் இருவர். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது.

ஈரக் காலோடு நேராகத் தையல்கடைக்குப் போனார். தையல்காரர் கைதூக்கி நின்ற ஒருவருக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா படகு குடுத்தீங்க? மூணு உயிர் போயிருக்கும்!"

"பின்பலகையைப் பாருங்கன்னு அன்னைக்கே சொன்னேனே, சார்."

"சொன்னீங்க. ஆனா அழுத்திச் சொல்லல."

கைதூக்கி நின்றவர் சிரித்ததில் அளவு இரண்டு அங்குலம் கூடிப்போனது. தையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. டேப்பைச் சுருட்டி வைத்தார். "தப்பு எனக்கும் இருக்கு. நீங்க பாக்காம எடுத்துட்டுப் போக விட்டிருக்கக் கூடாது. வாங்க, படகை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவோம்" என்றார்.

வெல்டர் பின்பக்கத்துத் தகட்டைப் பிரித்தார். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் ஒரு மரப்பலகை. அது பலகையாக இல்லை. பல வருஷம் தண்ணீர் குடித்து, ஊறிய அட்டை மாதிரி ஆகியிருந்தது. வெல்டர் விரலால் தொட்டதும் விரல் உள்ளே போய்விட்டது. "இன்ஜின் இவ்வளவு நாள் இதுல தொங்கினதே பெரிய விஷயம்" என்றார். அழுகல் வாடை பட்டறை முழுக்கப் பரவியது.

நொட்டையார் ஓரத்தில் கிடந்த டிரம்மில் உட்கார்ந்தார். தையல்காரர் சொன்னது அன்றைக்கே காதில் விழுந்தது. உள்ளுக்குள் ஒரு முள் குத்தவும் செய்தது. குறையில்லாத படகு வாங்குவேன் என்று மூன்று பேரிடம் சொல்லியாயிற்றே என்றுதான் பின்பக்கம் போகவில்லை. தெருவில் அந்த மூன்று பேரும் அந்தப் பேச்சை மறந்தேபோயிருப்பார்கள். அதற்காக மனைவியை நடு ஏரியில் உட்கார வைத்தோமே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வெல்டர் புதுப் பலகை வைத்து, இரண்டு மூலையிலும் முட்டுக் கொடுத்து, போல்ட் ஓட்டைகளில் தண்ணீர் இறங்காமல் அடைத்துக் கொடுத்தார். பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு ஓட்டையையும் பார்த்து வாங்கியது மனைவிதான். அடுத்த மாதமே தம்பியிடம் இன்ஜின் பிடிக்கவும் கற்றுக்கொண்டாள்.

இப்போது லீவு நாளில் அவள் ஓட்டுகிறாள், தம்பி தூண்டில் போடுகிறான், இவர் முன்னால் உட்காருகிறார். ஒருநாள் படகை ஒரு பெரிய வளைவில் திருப்பிவிட்டு, "எப்படிங்க ஓட்டுறேன்?" என்று கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். "பரவாயில்ல" என்றார்.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தம்பி, கேட்டுக்கிட்டியா? நீதான் சாட்சி" என்றாள் அவள்.

"ஆனா அந்தத் திருப்பத்துல..." என்று அவர் ஆரம்பித்தார். அவள் இன்ஜினை முறுக்கினாள். மிச்சம் யாருக்கும் கேட்கவில்லை.